பிள்ளை எனும் அமானிதம்

 



வியாபாரிகளாகிய நமக்கு அமானிதம் என்ற சொல்லை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குப் புறப்படும் ஒருவர் நம் கடைக்கு வந்து, ஒரு பொட்டலத்தை நீட்டி, "காக்கா, நான் திரும்பி வரும் வரை இது உங்களிடம் இருக்கட்டும்" என்று சொல்வார். நாம் அதை வாங்கி, அவர் பெயரை எழுதி, நம் கல்லாப் பணத்தோடு கலந்துவிடாமல் தனியே வைப்போம். அது நூறு வெள்ளியா, பத்தாயிரம் வெள்ளியா என்பது நமக்குப் பெரிதன்று. நோட்டுப் புதியதா, கசங்கியதா என்றும் நாம் பார்ப்பதில்லை. கொடுத்தவர் வந்து கேட்கும் நாளில், கொடுத்தபடியே திருப்பித் தர வேண்டும் என்பது ஒன்றே நம் கவலை. அந்த நாணயத்தினால்தான் நம் முன்னோர் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பேர் எடுத்தார்கள்.

பிள்ளையும் அப்படிப்பட்ட ஓர் அமானிதமே. கொடுத்தவன் அல்லாஹ். கணக்குக் கேட்கப் போகிறவனும் அவனே. ஆயினும் பணத்தின் விஷயத்தில் நாம் காட்டும் நாணயத்தைப் பிள்ளையின் விஷயத்தில் காட்டுகிறோமா? ஓடியாடிப் பேசிப் படிக்கும் பிள்ளையை மடியில் வைத்துக் கொள்கிறோம். பேச்சு வராத பிள்ளையை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத பிள்ளையை, பெருநாளன்று விருந்தினர் வரும் வேளையில் உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறோம். அமானிதத்தில் கசங்கியது, புதியது என்ற பாகுபாடு உண்டா? இதைப் பற்றியே இம்மாதம் பேச விரும்புகிறோம்.

மதியிறுக்கம் என்று தமிழிலும், ஆட்டிசம் என்று மருத்துவராலும் சொல்லப்படும் நிலையை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கிறோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு இந்நிலை இருந்தது. நாம் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள். பெரியவர் சிறியவர் எல்லாம் சேர்ந்து 500 பேர் கொண்ட ஒரு ஜமாஅத்தில், அந்த விகிதப்படி ஏறத்தாழ நால்வர் இருக்க வேண்டும். அந்த நால்வரை நாம் பள்ளிவாசலில் கண்டிருக்கிறோமா? கல்யாண வீட்டில் கண்டிருக்கிறோமா? காணவில்லை என்றால் அவர்கள் இல்லை என்பது பொருளன்று. அவர்களை நாம் மறைத்துவிட்டோம் என்பதே பொருள்.

இந்நிலை யாது?

சென்ற தலைமுறையில் இப்பிள்ளைகளின் நிலைக்குச் சரியான பெயர் வழக்கில் இல்லை. புத்தி மாறாட்டம் என்றும், ஜின்னின் பார்வை என்றும், வளர்ப்புச் சரியில்லை என்றும் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கன்னர் என்ற மருத்துவர், 11 பிள்ளைகளைக் கூர்ந்து கவனித்து, அவர்களிடம் கண்ட பொதுவான தன்மைகளை எழுதி வெளியிட்டார். அதன் பிறகே உலகம் இதைத் தனியொரு நிலையாக அறியத் தொடங்கியது.

இப்பிள்ளை பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பது அரிது. வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாது. நம் கையைப் பிடித்து அப்பொருளின் மேல் கொண்டு போய் வைக்கும். பேச்சு தாமதமாகும், அல்லது நாம் சொன்னதையே திருப்பிச் சொல்லும். விளையாட்டுச் சாமான்களை வரிசையாக அடுக்கிக் கொண்டேயிருக்கும். சுழலும் விசிறியை மணிக்கணக்கில் பார்த்திருக்கும். நாள்தோறும் போகும் வழியை மாற்றினால் தரையில் விழுந்து அழும். அரைவை எந்திரத்தின் ஓசை, ஒலிபெருக்கியின் இரைச்சல், சட்டைக் கழுத்திலுள்ள சிறு துணிப்பட்டி, இவற்றை நாம் பொருட்படுத்துவதில்லை. அப்பிள்ளைக்கோ அவை தாங்க முடியாத வேதனையாகலாம். எல்லாரிடமும் எல்லாம் இராது. சிலர் நன்கு பேசுவர், பட்டமும் பெறுவர். சிலர் கடைசி வரை பேச மாட்டார்கள். உண்ணவும் உடுக்கவும் பிறர் துணை வேண்டும். இருசாராரும் அல்லாஹ்வின் அடியார்களே.

இது தொற்றும் நோயன்று. பைத்தியமுமன்று. பிறப்பதற்கு முன்பே மூளையின் வளர்ச்சி வேறு விதமாக அமைவதனால் வருவது. இதில் பிறவிக் கூறுகளின் பங்கு பெரிது என்பதை இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டு 1977-ல் செய்யப்பட்ட ஆராய்ச்சி காட்டியது. தடுப்பூசியினால் வருகிறது என்று 1998-ல் ஒரு மருத்துவ ஏட்டில் வெளிவந்த கட்டுரையை, அது தவறானது என்று கண்டு 2010-ல் அந்த ஏடே திரும்பப் பெற்றுக் கொண்டது. ஆகவே அந்தப் பயத்தினால் பிள்ளைக்கு ஊசி போடாமல் இருப்பது அறிவுடைமையாகாது.

தாயின் மேல் பழி வேண்டாம்

சகோதரர்களே! இந்த வரலாற்றில் நாம் படிப்பினை பெற வேண்டிய ஒரு பகுதி உண்டு. படித்த மருத்துவ உலகமே ஒரு காலத்தில் தாய்மார்களைக் குற்றவாளியாக்கியது. தாயின் அன்பு குளிர்ந்து போனதால்தான் பிள்ளை இப்படி ஆயிற்று என்று பெரிய பெரிய பண்டிதர்கள் எழுதினார்கள். பிள்ளையின் துன்பத்தோடு இந்தப் பழியையும் எத்தனையோ தாய்மார் சுமந்தார்கள். அதை எதிர்த்து நின்றவர்களில் முதன்மையானவர் ஒரு தந்தை. பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியல் அறிஞரின் மகனுக்கு இந்நிலை இருந்தது. அவர் கிடைத்த ஆராய்ச்சிகளையெல்லாம் தேடிப் படித்து, இது உடற்கூறு சார்ந்தது, தாயின் குற்றமன்று என்று 1964-ல் நூல் எழுதினார். கன்னரே 1969-ல் பெற்றோர்களின் கூட்டமொன்றில் நின்று, உங்கள் மேல் குற்றமில்லை என்று அறிவித்தார்.

மேல்நாட்டார் கைவிட்ட அந்தப் பழியை நம்மவர் இன்னும் விடவில்லை. பிள்ளை பேசவில்லை என்றவுடன், "இது அவள் குடும்பத்து ரத்தம்" என்று மாமியார் வீட்டில் பேச்சு எழுகிறது. கர்ப்ப காலத்தில் அவள் அங்கே போனாள், இதைச் சாப்பிட்டாள் என்று கணக்கெடுக்கிறார்கள். பெற்ற பாவம் பிள்ளைக்கு வந்தது என்கிறார்கள். ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்க மாட்டார் என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. அப்படியிருக்க, தாயின் பாவத்துக்குப் பிள்ளை தண்டனையாக வந்தது என்று சொல்ல நமக்கு அதிகாரம் கொடுத்தது யார்? சோதனை என்பது அல்லாஹ்வின் கோபத்துக்கு அடையாளமாயின், நபிமார்கள் அத்தனை சோதனைக்கு ஆளாகியிருப்பார்களா?

யஃகூப் நபி (அலை) அவர்களை நினைத்துப் பாருங்கள். பிள்ளையின் பிரிவினால் அழுது அழுது கண்கள் வெளுத்துப் போயின என்று திருமறை அறிவிக்கிறது. அழகிய பொறுமைக்கு அவர்களையே எடுத்துக்காட்டாகவும் வைக்கிறது. அழுவது பொறுமைக்கு விரோதமன்று என்பது இதனால் விளங்குகிறது. ஆகவே, நம் சகோதரி ஒருத்தி தன் பிள்ளையை எண்ணி அழுதால், "சபூர் செய்" என்று ஒரு சொல்லை எறிந்துவிட்டு நாம் போய்விடலாகாது. அவள் காலை முதல் இரவு வரை செய்து கொண்டிருப்பதே சபூர்தான். அவளுக்குத் தேவை உபதேசமன்று, இரண்டு மணி நேர ஓய்வு.

நாயகத்தின் நடைமுறை

நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் நமக்கு இதற்கு வழிகாட்டல் உண்டா என்றால், நிரம்ப உண்டு. மதினாவில் அறிவில் சற்றுக் குறையுள்ள ஒரு பெண்மணி இருந்தார். அவர் ஒருநாள் நாயகத்திடம் வந்து, தங்களிடம் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும் என்றார். பெரும் பொறுப்புகளைச் சுமந்திருந்த அண்ணலார் அவரைப் பிறரிடம் தள்ளிவிடவில்லை. உனக்கு எந்தத் தெரு வசதியோ அதைச் சொல், அங்கே வந்து உன் காரியத்தை முடித்துத் தருகிறேன் என்று கூறி, அவருடன் போய் நின்று, அவர் பேசி முடிக்கும் வரை கேட்டார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அந்தப் பெண்ணுக்கே கொடுத்ததைக் கவனியுங்கள். அவருக்கு எங்கே மனம் அமைதியாக இருக்குமோ அங்கே நாயகம் சென்றார்கள். இன்று மதியிறுக்கமுள்ள பிள்ளையிடம் எப்படி நடக்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் சொல்லும் முதற்பாடமும் இதுவேயாகும்.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் சரித்திரம் நாம் அறிந்ததே. பார்வையற்ற அவர் வந்த வேளையில் நாயகம் குறைஷித் தலைவர்களுடன் பேசிக் கொண்டிருந்தார்கள். முகம் சற்றுச் சுருங்கியது. அதற்காக ஒரு சூராவே இறங்கியது. பின்னாளில் அவரே பாங்கு சொல்பவராகவும், நாயகம் வெளியூர் சென்ற சமயங்களில் மதினாவின் பொறுப்பாளராகவும் விளங்கினார். குறையுள்ளவர் என்று அவரை மூலையில் இருத்தவில்லை, பொறுப்புக் கொடுத்தார்கள்.

பள்ளிவாசலில் பிள்ளை அழுதால் நாம் என்ன செய்கிறோம்? ஸலாம் கொடுத்தவுடன் நான்கு தலைகள் திரும்பி அந்தத் தந்தையை முறைக்கின்றன. நாயகம் என்ன செய்தார்கள்? தொழுகையை நீட்டி ஓத எண்ணி நின்றவர்கள், பின்னால் ஒரு குழந்தையின் அழுகை கேட்டதும், தாயின் மனம் தவிக்குமே என்று ஓதுதலைச் சுருக்கினார்கள். தம் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடியே தொழுதார்கள். அழுத குழந்தையை வெளியே அனுப்பவில்லை. தொழுகையையே குழந்தைக்கு ஏற்பச் சுருக்கினார்கள். முறைக்கும் நாம் யாருடைய சுன்னத்தைப் பின்பற்றுகிறோம்?

ஒரு தந்தையின் கடிதம்

கன்னர் ஆராய்ந்த 11 பிள்ளைகளில் முதலாவதாகக் குறிக்கப்பட்டவர் டொனால்ட் டிரிப்லெட் என்பவர். அவர் முஸ்லிமல்லர், எனினும் அவருடைய பெற்றோரின் செய்கை எல்லாப் பெற்றோருக்கும் பாடமாகும். 1933-ல் அமெரிக்காவின் மிஸிஸிப்பி மாநிலத்தில், பாரஸ்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். தாயின் குடும்பத்தார் அவ்வூரில் வங்கி நடத்தி வந்தனர். பிள்ளையின் நிலையைக் கண்ட மருத்துவர்கள், வீட்டில் வைத்திருக்க வேண்டாம், விடுதியில் விட்டுவிடுங்கள் என்று கூறினர். அக்காலத்தில் அதுவே வழக்கம். 1937-ல் பிள்ளையை விடுதியில் விட்டார்கள். ஆனால் அங்கே பிள்ளை வாடிப் போவதைக் கண்டதும் பெற்றோர் மனம் ஒப்பவில்லை. அங்குள்ளோர் வேண்டாமென்று சொல்லியும் கேளாமல், 1938-ல் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள்.

அந்தத் தந்தை அதோடு நிற்கவில்லை. தம் மகன் எப்போது என்ன செய்தான், எதைக் கண்டு பயந்தான், எதில் மகிழ்ந்தான், என்ன சொல் சொன்னான் என்று ஒன்றுவிடாமல் கூறி, தட்டச்சு செய்த 33 பக்கக் கடிதமொன்றைக் கன்னருக்கு அனுப்பினார். அந்தக் கடிதமே இத்துறைக்கு முதல் ஏடாயிற்று. நம்மில் எத்தனை தந்தையர் தம் பிள்ளையைப் பற்றி மூன்று பக்கம் எழுத முடியும்? கடையில் எந்தச் சரக்கு எந்த அடுக்கில் இருக்கிறது, எந்த வாடிக்கையாளர் எவ்வளவு பாக்கி என்று கண்ணை மூடிக் கொண்டு சொல்லும் நமக்கு, நம் பிள்ளை எந்த ஓசைக்குக் காதைப் பொத்துகிறது என்று தெரியுமா?

டொனால்டுக்கு ஒன்பது வயதானபோது, ஊருக்குப் பத்து மைலுக்கு அப்பால் ஒரு விவசாயத் தம்பதியரின் வீட்டில் அவரைச் சில ஆண்டுகள் தங்க வைத்தார்கள். அவர்கள் பெரிய படிப்பாளிகளல்லர். ஆயினும் பிள்ளையின் போக்கைத் தடுக்காமல் அதையே வேலையாக மாற்றினார்கள். அவர் எப்போதும் எதையாவது அளந்து கொண்டிருப்பார். அவரைக் கிணறு தோண்டச் செய்து, ஆழம் எவ்வளவு என்று அளந்து சொல்லச் சொன்னார்கள். சோள வரிசைகளை எண்ணிக் கொண்டேயிருப்பார்; உழுது கொண்டே எண்ணு என்று ஏரைக் கையில் கொடுத்தார்கள். பிறகு அவர் உயர்நிலைப் பள்ளியை முடித்து, 1958-ல் கல்லூரிப் பட்டமும் பெற்று, சொந்த ஊர் வங்கியில் காசாளராகப் பணியாற்றினார். கார் ஓட்டினார். தன்னந்தனியே பல நாடுகளைச் சுற்றி வந்தார். அவ்வூரார் அவருடைய விநோதங்களை அறிந்தும், எங்கள் ஊர்ப் பிள்ளை என்று ஏற்றுக் கொண்டார்கள்.

அவருடைய தந்தை 1980-லும், தாய் 1985-லும் காலமாயினர். அவர் 2023-ல் தம் 89-ஆம் வயதில் காலமானார். அதாவது, தாய் மறைந்த பிறகு 38 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த 38 ஆண்டுகளும் அவர் தெருவில் நிற்கவில்லை. ஏனெனில், பிறர் ஏமாற்றிப் பறிக்க இயலாத வகையில் ஒரு பொறுப்புநிதியை அவருக்காகக் குடும்பத்தார் ஏற்படுத்தியிருந்தார்கள்.

அத்தா எங்கே?

இனி நம்மைப் பற்றிப் பேசுவோம். காலை ஏழு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்குச் சாத்துகிறோம். பிள்ளையை மருத்துவரிடம் கொண்டு செல்பவள் தாய். பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துச் செல்பவள் தாய். பேருந்தில் பிள்ளை அலறும்போது எல்லாக் கண்களுக்கும் முன்னால் நிற்பவள் தாய். நாமோ செலவுக்குப் பணம் கொடுத்தாயிற்று என்று திருப்தியடைகிறோம். பணம் கொடுப்பது கடமைதான். அது கடமையின் ஒரு பகுதியே. பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒன்றையும் முத்தமிட்டதில்லை என்று சொன்ன ஒருவரிடம், இரக்கம் காட்டாதவர் இரக்கம் காட்டப்பட மாட்டார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அந்த மனிதரும் தம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டிருப்பார் அல்லவா?

ஆகவே, நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தையாவது இந்தப் பிள்ளைக்கென்று ஒதுக்குங்கள். தரையில் அதனருகில் உட்காருங்கள். அது அடுக்கினால் நீங்களும் அடுக்குங்கள். ஒரு சொல்லை நூறு முறை சொல்லிக் கொடுங்கள். நூற்றொன்றாம் முறை அது சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். இரண்டிலும் உங்கள் உழைப்பு அல்லாஹ்விடம் வரவு வைக்கப்படும். குடும்பத்தைத் தமிழ்நாட்டில் விட்டுவிட்டு இங்கே தனியே கடை நடத்துவோர் இதை இரட்டிப்பாகச் சிந்திக்க வேண்டும். சென்னைக்கருகே முட்டுக்காட்டில் 2005-ல் அமைக்கப்பட்ட தேசிய நிலையம் இத்தகைய பிள்ளைகளுக்குப் பயிற்சியளிக்கிறது. விடுமுறைக்குப் போகும் போது சாமான் கட்டுவதோடு, பிள்ளையை அங்கே காட்டி வருவதையும் ஒரு வேலையாக வைத்துக் கொள்ளுங்கள்.

சந்தேகம் தோன்றிய அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். "ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும், அவன் அத்தாவும் அப்படித்தான்" என்று சொல்லி இரண்டு மூன்று ஆண்டுகளை வீணாக்குவது நம்மிடையே சாதாரணம். சிறு வயதிலேயே தொடங்கும் பயிற்சியே பிள்ளைக்கு அதிகப் பயன் தரும். சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்துக்குச் சென்றால், அங்கிருந்து கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை போன்ற இடங்களுக்கு அனுப்புவார்கள். 2004-ல் தொடங்கிய பாத்லைட் பள்ளி போன்று இப்பிள்ளைகளுக்கென்றே பள்ளிகளும் உள்ளன. 2019 முதல் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் கட்டாயக் கல்விச் சட்டம் பொருந்துகிறது. மலேசியாவில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008-ல் இயற்றப்பட்டது. சமூக நல இலாகாவில் பதிந்து ஓகேயு அட்டை பெற்றால் பல சலுகைகள் உண்டு. பெயர் வெளியே வந்துவிடும், அக்காளுக்கு மாப்பிள்ளை அமையாது என்று அஞ்சிப் பதியாமல் இருப்போர் உண்டு. ஒரு பிள்ளையின் உரிமையை மறைத்து மற்றொரு பிள்ளைக்கு வாழ்வு தேடுவது எவ்வகை நீதி? தங்கையையோ தம்பியையோ மறைத்து வைத்த பிறகே ஒப்புக் கொள்ளும் சம்பந்தம், பின்னால் அது தெரியவரும் போது நிலைக்குமா?

துஆ கேளுங்கள், இரவெல்லாம் கேளுங்கள். ஆனால், தாயத்துக்கும் தகட்டுக்கும், ஜின் ஓட்டுகிறேன் என்று பிள்ளையை அடிப்பவனுக்கும், இன்ன மருந்தினால் ஆறு மாதத்தில் குணமாகும் என்று விளம்பரம் செய்பவனுக்கும் பணத்தைக் கொட்டாதீர்கள். மதியிறுக்கத்தை நீக்கும் மருந்து இதுவரை இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மேல் தவக்குல் வை என்பது நபிவழி. பயிற்சி என்பது கட்டும் கயிறு. துஆ என்பது தவக்குல். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

நமக்குப் பின் யார்?

இப்பிள்ளைகளின் பெற்றோரிடம் பேசிப் பார்த்தால், எல்லாரும் கடைசியில் ஒரே கேள்விக்கு வந்து சேர்வார்கள்: "எங்களுக்குப் பின் இவனை யார் பார்ப்பார்?" சில தாய்மார், இவனுக்கு ஒருநாள் பிறகே எனக்கு மௌத்து வர வேண்டும் என்று துஆச் செய்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டும் நாம் வாளாவிருந்தால் ஜமாஅத் என்ற பெயர் நமக்கு எதற்கு?

திருமறையில் மூஸா நபி (அலை) அவர்களும் கிழ்ரு (அலை) அவர்களும் ஓர் ஊருக்குப் போன சம்பவம் வருகிறது. அவ்வூரார் அவர்களுக்கு உணவளிக்க மறுத்தனர். அங்கே விழும் நிலையிலிருந்த ஒரு சுவரைக் கிழ்ரு (அலை) அவர்கள் கூலி வாங்காமல் நிமிர்த்தி வைத்தார்கள். காரணம் யாது? அச்சுவர் இரண்டு அநாதைப் பிள்ளைகளுடையது. அதன் கீழ் அவர்களுக்குரிய பொக்கிஷம் இருந்தது. அவர்களுடைய தந்தை நல்லவராக இருந்தார். பிள்ளைகள் தம் பருவமடையும் வரை அந்தச் சொத்து பிறர் கையில் சிக்காமல் இருக்க வேண்டும் என்பது அல்லாஹ்வின் நாட்டம். இதில் இரண்டு கடமைகள் விளங்குகின்றன. தந்தை நல்லவராக வாழ்ந்து பொருளைப் பாதுகாப்பாக வைக்க வேண்டும். அவர் போன பிறகு, சுவர் சாயும் வேளையில், அதை நிமிர்த்த மற்றொருவர் முன்வர வேண்டும். அந்தச் சுவர் இருந்த ஊரோ விருந்தளிக்க மறுத்த ஊர். நம் ஊர் எப்படிப்பட்டது?

தம் பொருளைத் தாமே நிர்வகிக்க இயலாதவரிடம் சொத்தை ஒப்படைத்துவிடாமல், அதிலிருந்து அவருக்கு உணவும் உடையும் கொடுத்து, அவரிடம் இனிய சொல் சொல்ல வேண்டும் என்று நிஸா அத்தியாயம் கட்டளையிடுகிறது. இனிய சொல்லையும் சேர்த்தே அல்லாஹ் கடமையாக்கினான். பொறுப்பாளர் சோறு போட்டால் போதாது, ஏசாமல் போட வேண்டும்.

பராயிஸ் சட்டத்தில் இந்தப் பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைகளைப் போலவே முழுப் பங்கு உண்டு. அறிவு குறைந்தவன் என்று கழித்துவிட எவருக்கும் உரிமையில்லை. ஆனால் வாரிசுக்கு வஸிய்யத் செய்தால், மற்ற வாரிசுகள் சம்மதிக்காவிடில் அது செல்லாது. ஆகவே, அவனுக்குக் கூடுதல் தேவை உண்டென்றால் உயிரோடிருக்கும்போதே ஹிபாவாகவோ பொறுப்புநிதியாகவோ ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு பிள்ளைக்கு மட்டும் அன்பளிப்புச் செய்த தந்தையிடம், எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தாயா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டதும் நமக்குத் தெரியும். எனவே ஆலிம்களைக் கலந்து, எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்து, காரணத்தைச் சொல்லி, அவர்கள் மனம் ஒப்பச் செய்யுங்கள். மறைவாகச் செய்யும் ஏற்பாடு, நாம் கண் மூடியதும் சகோதரர்களுக்குள் வழக்காக முடியும்.

சிங்கப்பூரில் சிறப்புத் தேவையுடையோருக்கான பொறுப்புநிதி நிறுவனம் 2008-ல் அமைக்கப்பட்டது. பெற்றோர் செலுத்தும் தொகையை வைத்திருந்து, அவர்களுக்குப் பின் பிள்ளையின் செலவுக்கு முறையாகக் கொடுத்து வருவது அதன் பணி. பிள்ளைக்கு 21 வயது நிறைந்த பிறகு அவன் சார்பில் முடிவெடுக்கும் அதிகாரம் பெற்றோருக்குத் தானாக இராது. நீதிமன்றத்தில் கேட்டுப் பெற வேண்டும். மலேசியாவில் அமானா ராயா நிறுவனத்தில் ஹிபா, பொறுப்புநிதி ஏற்பாடுகள் உள்ளன. இந்தியாவில் சொத்துள்ளோர் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பிள்ளைக்குச் சட்டப் பாதுகாவலரை நியமிக்கலாம். வட்டி கலவாத வகையில் இவற்றை எப்படிச் செய்வது என்பதை மார்க்க அறிஞரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். கடையின் ஐந்தொகையை ஆண்டுதோறும் தவறாமல் முடிக்கிறோம். இந்த ஒரு கணக்கை மட்டும் ஏன் நாளைக்கென்று தள்ளுகிறோம்?

ஜமாஅத்தார் செய்ய வேண்டியவை

முதலாவது, பள்ளிவாசலில் இப்பிள்ளைகளுக்கு இடமளியுங்கள். ஒலிபெருக்கிக்குத் தூரத்தில், வாசலுக்கு அருகில், வேண்டியபோது தந்தையும் பிள்ளையும் எழுந்து போகத்தக்க ஓரிடம் போதும். காதில் ஒலித்தடுப்பு மாட்டியிருந்தால், இது என்ன பாட்டுக் கேட்கும் கருவியா என்று கண்டிக்காதீர்கள். விளக்கமுள்ளவருக்குத் தொழுகை கடமை. விளக்கமில்லாதவர் மேல் குற்றம் எழுதப்படுவதில்லை. இரு சாராருக்கும் பள்ளிவாசல் உரியதே.

இரண்டாவது, மதரஸாவில் இவர்களுக்குத் தனியாக ஒரு வேளை வையுங்கள். பிள்ளை ஒன்றுக்கு ஆசிரியர் ஒருவராக, படம் காட்டி, சிறிது சிறிதாகக் கற்பித்தால், ஓதக் கற்கும் பிள்ளைகள் உண்டு. கேட்டதை அப்படியே மனத்தில் பதியவைக்கும் ஆற்றல் இவர்களில் சிலருக்கு நம்மைக் காட்டிலும் அதிகம்.

மூன்றாவது, நம் கடைகளில் வேலை கொடுங்கள். அடுக்குவதிலும் எண்ணுவதிலும் மனம் ஊன்றிய ஓர் இளைஞனுக்கு மளிகைக் கடையைவிட ஏற்ற இடம் எது? சரக்கு அடுக்க, விலைச்சீட்டு ஒட்ட, மசாலாப் பொட்டலம் நிறுக்க, இருப்பைக் கணக்கெடுக்க அவனைப் பழக்குங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே வேலை என்று வைத்தால் அவன் தவறவிட மாட்டான். தர்மமாக எண்ணாமல், வேலைக்கு உரிய கூலி கொடுங்கள்.

நான்காவது, நம் கடையில் ஒரு தாயின் பிள்ளை தரையில் விழுந்து அலறினால் கூட்டம் கூடிப் பார்க்காதீர்கள். அடித்து வளர்க்க வேண்டும் என்று புத்தி சொல்லாதீர்கள். பாட்டை நிறுத்துங்கள், சாமான்களை ஒதுக்கி வழி விடுங்கள், தண்ணீர் வேண்டுமா என்று மெதுவாகக் கேளுங்கள். அந்தத் தாய் அன்றிரவு தொழுகைப் பாயில் நமக்காகக் கேட்கும் துஆ, அன்றைய வியாபாரத்தைக் காட்டிலும் மேலானது.

ஐந்தாவது, சங்கத்தில் இத்தகைய குடும்பங்களின் பெயரை, அவர்கள் சம்மதத்தோடு, குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை ஒருவர் போய்ப் பார்த்து வரட்டும். பெற்றோர் நோயுற்றாலும் மறைந்தாலும் அந்தப் பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டப் போகும் முதல் ஆள் யார் என்பதை இன்றே தீர்மானித்து வையுங்கள். இதுவே சாயும் சுவரை நிமிர்த்தும் வேலை.

அன்பர்களே! நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொட்டலங்கள் ஒரே மாதிரியானவை அல்ல. சிலருக்கு எளிதில் சுமக்கத்தக்கது, சிலருக்குப் பாரமானது. தாங்க இயலாத சுமையை எந்த ஆத்மாவின் மீதும் ஏற்றுவதில்லை என்பது அல்லாஹ்வின் வாக்குறுதி. அந்தத் தாங்கும் சக்தி சில சமயம் பெற்றோரின் நெஞ்சில் இருக்கிறது. சில சமயம் பக்கத்துக் கடைக்காரரின் கையில் இருக்கிறது. நம் கையில் உள்ளதை நாம் கொடுக்காமல், அவர்கள் நெஞ்சில் பலமில்லை என்று குறை கூறலாமா?

யா அல்லாஹ்! பேசத் தெரியாத எங்கள் பிள்ளைகளின் உள்ளத்தை நீ அறிவாய். அவர்களுடைய பெற்றோரின் உடலுக்குச் சுகத்தையும், மனத்துக்கு அமைதியையும், உணவில் பரக்கத்தையும் தந்தருள்வாயாக! அவர்களைக் காணும் எங்கள் கண்களுக்கு இரக்கத்தைக் கொடுப்பாயாக! நீ ஒப்படைத்த அமானிதத்தைக் குறையாமல் உன்னிடம் சேர்ப்பிக்கும் நாணயமுள்ள வியாபாரிகளாக எங்களை ஆக்கியருள்வாயாக! ஆமீன்.